கம்பளி நூலில் ஓர் இடக்கரடக்கல்

ஒரு பொருளைக் கண்டவுடன் சிரித்துவிட வேண்டும் என்று ஒரு சமூகமே தனக்குள் முடிவெடுத்து வைத்திருப்பதுண்டு. ஜெர்மனியில் அத்தகைய பொருள்களுள் ஒன்று, கழிப்பறைக் காகிதச் சுருளுக்குக் குரோஷா ஊசியால் பின்னப்பட்ட கம்பளித் தொப்பி. 1960களிலும் 70களிலும் மேற்கு ஜெர்மனியின் கார்களில், பின்னிருக்கைக்கும் பின்கண்ணாடிக்கும் இடைப்பட்ட பலகையில் இது அமர்ந்திருக்கும். அருகில், நம் தஞ்சாவூர் பொம்மைக்குத் தூரத்து உறவு போல, தலையாட்டும் நாய்ப் பொம்மை ஒன்று. மறுபுறம், காரின் பதிவு எண்ணைப் பூவேலையாகத் தைத்த ஒரு குட்டித் தலையணை. இம்மூன்றையும் பார்த்துவிட்டால் காரை ஓட்டுபவரின் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை என்பார்கள். அவர் ஒரு 'ஸ்பீசர்'. ஈட்டியேந்தி நகரைக் காத்த பழைய எளிய நகரவாசியைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்தது இது. காலப்போக்கில் குறுகிய மனமும் கெட்டியான ஒழுங்கும் மட்டமான ரசனையும் கொண்ட நடுத்தர வர்க்கத்து மனிதனைச் சுட்டும் வசைச்சொல்லாகிவிட்டது.

இந்தக் கட்டுரையில் அந்தத் தொப்பியின் பக்கம் நின்று வாதாட விரும்புகிறேன். அது அழகானது என்று நிறுவுவது என் நோக்கமல்ல. அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் எதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று கேட்பதே நோக்கம்.

நானும் சிரித்தவன்தான். பல ஆண்டுகளுக்கு முன் ஸ்டுட்கார்ட்டில் ஒரு சனிக்கிழமைப் பழஞ்சந்தை. உடன் வேலை பார்த்த ஜெர்மானிய நண்பர் ஒரு மேசையைச் சுட்டிக்காட்டிச் சிரித்தார். ஆரஞ்சும் பழுப்புமாகப் பின்னிய அந்தத் தொப்பி, பீங்கான் கோப்பைகளுக்கு நடுவே இருந்தது. அதன் கதையை அவர் சொல்லக் கேட்டு நானும் உரக்கச் சிரித்தேன். மேசைக்குப் பின்னால் நின்ற மூதாட்டி எங்களைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபமில்லை. "என் அம்மா பின்னியது. நாங்கள் முதன்முறையாக இத்தாலிக்குப் போனபோது. எங்கள் காரில் அம்மாவுடையது என்று இருந்தது இது ஒன்றுதான்" என்றார். என்ன விலை என்று கேட்டேன், சிரிப்பை ஈடுகட்டிவிடும் எண்ணத்தில். "இதை விற்பதாக இல்லை" என்று சொல்லி அதை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். சற்று முன்புவரை அது விற்பனைக்குத்தான் இருந்தது.

அந்தத் தொப்பியைப் பின்னுவது எளிது. மீந்த உல்லன் நூலும் ஒரு கொக்கி ஊசியும் போதும். நடுவில் ஒரு சிறு வளையம் போட்டு, அதில் ஆறு கண்ணிகள் எடுத்து, சுற்றுக்கு ஆறாகக் கூட்டிக்கொண்டே போனால் தட்டையான வட்டம் விரியும். காகிதச் சுருளின் குறுக்களவு பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர். வட்டம் அந்த அளவை எட்டியதும் கண்ணிகளைக் கூட்டுவதை நிறுத்திவிட வேண்டும். அதன்பின் வட்டம் தானாக மடங்கிச் சுவராகக் கீழே இறங்கும். ஏறத்தாழப் பத்து சென்டிமீட்டர் இறங்கியதும், ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் இரண்டு மூன்று கண்ணிகளைத் திணித்தால் விளிம்பு சுருங்கிச் சுருங்கி அலையாகும். உச்சியில் ஒரு கம்பளிக் குஞ்சம். பழகிய கைக்கு ஒரு மாலைநேர வேலை. குழந்தைக்கு ஸ்வெட்டர் பின்னியதில் மிஞ்சிய நூல் இதற்குப் போதுமென்பதால் செலவும் இல்லை.

ஆனால் இது ஏன் காரில் போய் அமர்ந்தது? போர் முடிந்த ஆண்டுகளில் கழிப்பறைக்குச் செய்தித்தாளைக் கிழித்துப் பயன்படுத்திய குடும்பங்கள், பத்துப் பதினைந்தே ஆண்டுகளில் கார் வாங்கின. 1955 ஆகஸ்டில் வோல்ஃப்ஸ்பர்க் ஆலையிலிருந்து பத்து லட்சமாவது 'வண்டு' வெளிவந்தது. ஞாயிறு மாலையில் காரில் உலா, கோடையில் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலியக் கடற்கரை என்பவை ஒரு சாதாரண அலுவலர் குடும்பமும் ஆசைப்படக்கூடியவையாயின. 1963இல் இன்ஸ்ப்ரூக் அருகே ஐரோப்பா பாலம் திறக்கப்பட்ட பின் பிரென்னர் கணவாய்க்கான பாதை இன்னும் எளிதாயிற்று. வழியில் இருந்த கழிப்பறைகளில் காகிதம் இருக்குமென்ற உறுதியில்லை. சில இடங்களில் கழிப்பறையே இல்லை, காடுதான். ஆகவே சுருள் ஒன்றைக் கையோடு கொண்டுசெல்வது தேவையாயிற்று. பெட்டிகளுக்கு அடியில் வைத்தால் அவசரத்துக்கு எடுக்க முடியாது. பின்னிருக்கைக் குழந்தை கைநீட்டினால் எட்டும் இடம் அந்தப் பலகைதான். அங்கே வைத்தாலோ தூசியும் வெயிலும் படும், வளைவுகளில் உருண்டு அவிழும். எல்லாவற்றுக்கும் மேலாக, பின்னால் வரும் காரில் இருப்பவர்கள் அனைவரும் பார்ப்பார்கள். தொப்பி இப்படித்தான் பிறந்தது.

அந்தப் பலகையின் ஜெர்மன் பெயர் 'ஹூட்ஆப்லாகெ'. தொப்பி வைக்கும் இடம் என்று பொருள். அது ஆண்களின் தொப்பிக்காகப் பெயரிடப்பட்ட இடம். ஆண்கள் தொப்பி அணிவது அருகிவந்த காலத்தில் அந்தக் காலியிடத்தில் ஒரு பெண் தான் பின்னிய தொப்பியைக் கொண்டுபோய் வைத்தாள். காரின் உள்ளே பெரும்பாலும் எல்லாமே தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. எஃகு, ரெக்ஸின், கண்ணாடி. வீட்டின் கை பட்டது இது ஒன்று.

இனி இதன்மீதான குற்றச்சாட்டுகளுக்கு வருவோம்.

முதலாவது அழகியல் சார்ந்தது. அடால்ஃப் லூஸ் என்ற கட்டடக்கலைஞர் 1910இல் வியன்னாவில் ஆற்றிய 'அலங்காரமும் குற்றமும்' என்ற உரையில், புழங்குபொருள்களிலிருந்து அலங்காரம் உதிர்வதையே பண்பாட்டின் வளர்ச்சியாகக் கண்டார். அவர் கண்ணுக்கு இந்தத் தொப்பி உழைப்பின் விரயம். அவரைவிடக் கூர்மையாக இதைக் குத்தக்கூடியவர் மிலன் குந்தேரா. 1984இல் வெளியான 'இருத்தலின் தாளமுடியாத மென்மை' நாவலில் அவர் 'கிட்ச்' என்ற சொல்லை வரையறுக்கிறார். மனித இருப்பில் ஏற்கத்தகாதது என்று கருதப்படுவதெல்லாம், மலம் உட்பட, இல்லவே இல்லை என்பதுபோல நடந்துகொள்ளும் அழகியல் அவரைப் பொறுத்தவரை கிட்ச். அதைக் கொண்டு மே தின ஊர்வலங்களின் புன்னகையைக்கூட அவர் விசாரிக்கிறார். காகிதச் சுருளுக்குக் கம்பளித் தொப்பி போடுவதை இந்த வரையறையின் நேரடி உதாரணமாகவே ஒருவர் காட்டிவிடலாம். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஆனால் அந்தத் தொப்பி எதையும் மறுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அதனடியில் என்ன இருக்கிறது என்பது தெரியாத ஒருவர்கூட அன்றைய மேற்கு ஜெர்மனியில் இருந்திருக்க மாட்டார். மறைப்பதுதான் நோக்கமென்றால் ஒரு பையில் போட்டு இருக்கைக்கடியில் தள்ளியிருக்கலாம். இதுவோ பின்கண்ணாடியில், போக்குவரத்து நெரிசலில் பின்னால் நிற்பவர் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய இடத்தில், குஞ்சத்தோடு அமர்ந்திருக்கிறது. அது ஒரு செய்தியைச் சொல்கிறது. நாங்களும் மனிதர்கள்தான், எங்களுக்கும் வழியில் தேவை வரும், அதற்கு ஆயத்தமாக இருக்கிறோம். ஆனால் அதை உங்கள் முகத்தில் வீச மாட்டோம்.

இதற்கு ஜெர்மன் மொழியில் பெயர் உண்டோ இல்லையோ, தமிழில் உண்டு. இடக்கரடக்கல். நன்னூலார் தகுதி வழக்கை மூன்றாகப் பிரித்து இடக்கரடக்கலுக்கு முதலிடம் தருகிறார். கால் கழுவி வருதல் என்ற உதாரணத்தைப் பள்ளியில் படித்து நாம் அனைவரும் சிரித்திருக்கிறோம். அவருக்கு முன்பே தொல்காப்பியர், அவையில் வழங்கத்தகாத சொற்களை மறைத்துச் சொல்ல வேண்டும் என்று விதி செய்திருக்கிறார். இதில் நாம் கவனிக்கத் தவறுவது 'சொல்லுதல்' என்ற பாதியை. சொல்லாமல் விடு என்று இலக்கணம் கூறவில்லை. மறைத்துச் சொல் என்கிறது. கேட்பவருக்குப் பொருள் விளங்கியாக வேண்டும், விளங்காவிட்டால் அது பிழை. கேட்பவரைக் கூச்சத்துக்கு உள்ளாக்கவும் கூடாது. இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள குறுகிய வரப்பில் நடப்பதுதான் இடக்கரடக்கல். கொல்லைக்குப் போகிறேன் என்று சொன்ன நம் பாட்டிகள் எதையும் மறுக்கவில்லை. குந்தேரா சுட்டும் மறுப்பும் இந்த மறைத்துச் சொல்லலும் ஒன்றுபோலத் தோன்றினாலும் வேறுவேறானவை. முன்னது உண்மையை அழிக்கிறது. பின்னது உண்மையை இருவரும் அறிவார்கள் என்ற நம்பிக்கையில் எழுகிறது.

அதே தேசத்தின் வணிக வரலாற்றிலேயே இதற்கு ஓர் இணை இருக்கிறது. 1928இல் லுட்விக்ஸ்பர்க்கில் ஹன்ஸ் க்ளென்க் என்பவர் சுருளாகக் கழிப்பறைக் காகிதம் தயாரிக்கத் தொடங்கினார். தன் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு 'ஹாக்லே' என்று பெயரிட்டார். ஹாக்லே ஒரு சுருள் என்று கேளுங்கள், கழிப்பறைக் காகிதம் என்று வாய்விட்டுச் சொல்லும் அவசியம் இராது என்ற பொருளில் விளம்பரமும் செய்தார். கடைக்காரர் முன் நின்று கூசும் வாடிக்கையாளருக்கு அவர் ஒரு சொல்லை விற்றார். அந்த வணிகரைப் புத்திசாலி என்று மெச்சுகிறோம். அதே வேலையைக் கம்பளியில் செய்த பெண்ணை ரசனை கெட்டவள் என்கிறோம்.

இரண்டாவது குற்றச்சாட்டு கனமானது. 1968ஆம் ஆண்டின் தலைமுறை தங்கள் பெற்றோரின் வரவேற்பறையைப் பார்த்து, தலையணைகளையும் விரிப்புகளையும் தொப்பிகளையும் பார்த்து, வெறுப்புற்றதற்கு நியாயமான காரணம் இருந்தது. அந்த வீடுகளில் பேசப்படாத ஒன்று இருந்தது. 1933 முதல் 1945 வரை அப்பா என்ன செய்துகொண்டிருந்தார் என்ற கேள்வி. 1963 டிசம்பரில் தொடங்கி 1965 ஆகஸ்ட் வரை நடந்த ஃபிராங்ஃபர்ட் ஆஷ்விட்ஸ் வழக்கில் சாட்சிகள் பேசியவற்றைச் செய்தித்தாளில் படித்த பிள்ளைகள், எல்லாவற்றுக்கும் மென்மையான உறை போட்டு வாழும் பெற்றோரைக் கண்டு கொதித்தார்கள். 1967இல் மிட்ஷெர்லிஹ் தம்பதியர் எழுதிய 'துக்கம் அனுசரிக்க இயலாமை' அந்தக் கொதிப்புக்கு உளவியல் மொழி தந்தது. உறையின்மீதான வெறுப்பு, உண்மையை மூடுவதன்மீதான வெறுப்பு. இதை நான் எளிதாகக் கடந்துபோக விரும்பவில்லை. இதமான வீடு என்பது கொலைகாரனுக்கும் இதமாகத்தான் இருந்திருக்கும்.

எனினும் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. உண்மையான மூடல்கள் எங்கே நிகழ்ந்தன? நூரம்பர்க் இனச் சட்டங்களுக்கு உரை எழுதிய இருவருள் ஒருவரான ஹன்ஸ் குளோப்கே, 1953 முதல் 1963 வரை அடெனாவரின் அலுவலகத்தைத் தலைமையேற்று நடத்தினார். நாஜி ஆட்சியில் தீர்ப்பெழுதிய நீதிபதிகள் பலர் கூட்டாட்சிக் குடியரசிலும் தீர்ப்பெழுதினார்கள். அங்கே எந்தக் கம்பளியும் தேவைப்படவில்லை. நேர்க்கோட்டு மேசைகளும் சாம்பல்நிறக் கோப்புகளும் போதுமானவையாக இருந்தன. அலங்காரமற்ற, லூஸ் பாராட்டியிருக்கக்கூடிய தூய வடிவங்கள். மாணவர்கள் குளோப்கேக்களையும் எதிர்த்தார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த எதிர்ப்பு கடினமாக இருந்தது, விலை கேட்டது. தொப்பியைப் பார்த்துச் சிரிப்பது இலவசம். போராட்டம் ஓய்ந்த பின்னும் நிலைத்தது சிரிப்பு மட்டும்தான். பிற்பாடு அது விளம்பர நகைச்சுவையாகி, கொதிப்பின் நினைவு ஏதுமில்லாத, வெறும் வர்க்க ஏளனமாக மிஞ்சியது.

வர்க்க ஏளனத்துக்குள் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. 1958 ஜூலை முதல் 1977 ஜூன் வரை மேற்கு ஜெர்மனியின் குடிமைச் சட்டம், வீட்டை நடத்துவது மனைவியின் பொறுப்பு என்றது. திருமண, குடும்பக் கடமைகளோடு பொருந்தும் அளவுக்கே அவள் வெளியே வேலை செய்யலாம் என்றும் சொன்னது. தொப்பியின் பொற்காலம் கச்சிதமாக இந்த இருபது ஆண்டுகளுக்குள் அடங்குகிறது. பள்ளியில் பெண்பிள்ளைகளுக்குக் கைவேலை என்ற பெயரில் ஊசியைக் கொடுத்து, திருமணத்துக்குப் பின் வீட்டுக்குள் இருத்தி, அங்கிருந்து அவர்கள் எதையேனும் பின்னி அனுப்பினால் அதைப் பார்த்து நகைப்பது. இந்த ஏற்பாட்டில் சிரிப்புக்குரியது தொப்பியா?

ஸ்பீசர்களின் நேரெதிரான முற்போக்காளர்களிடமும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. பௌஹவுஸ் பள்ளிக்குக் கண்ணாடிக் கலை கற்கும் விருப்பத்தோடு 1922இல் வந்த அன்னி ஆல்பர்ஸ் நெசவுப் பட்டறையில்தான் போய்ச் சேர வேண்டியிருந்தது. பெண்களைப் பெரும்பாலும் அங்கேதான் அனுப்பினார்கள். அவரோ அந்தத் தறியிலிருந்தே, 1949இல் நியூயார்க் நவீனக்கலை அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சி பெற்ற முதல் நெசவுக் கலைஞராக எழுந்தார். 1980களின் நடுவில் ரோஸ்மேரி ட்ரோக்கல் பின்னல் ஓவியங்களைச் செய்யத் தொடங்கினார். அரிவாள் சுத்தியலும் முயல் சின்னமும் கம்பளி முத்திரையும் வரிசை வரிசையாகப் பின்னப்பட்ட பெரிய சட்டகங்கள். அவர் அவற்றைக் கையால் பின்னவில்லை. வடிவத்தைத் தந்து எந்திரத்தில் பின்னவைத்தார். பின்னல் தாழ்ந்ததாகக் கருதப்படுவது பொருளாலா, அதைச் செய்யும் கையாலா என்று கேட்பதற்காக. அருங்காட்சியகங்கள் அவரைக் கொண்டாடின. 1999 வெனிஸ் பியனாலேயில் ஜெர்மனியின் அரங்கு அவருக்குத் தரப்பட்டது. அது தகுதியானதே. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு அந்த வரவேற்பே பதிலாகவும் அமைந்துவிட்டது. கை விலகி, கருத்து முன்வந்தபோது கம்பளி சுவரேறியது. கையோடு வந்த கம்பளி பின்கண்ணாடியிலேயே நின்றது.

நோர்பெர்ட் எலியாஸ் 1939இல் வெளியான தன் 'நாகரிகமாதல்' நூலில், ஐரோப்பியர்கள் உண்பது, மூக்குச் சிந்துவது, கழிப்பது ஆகியவற்றைச் சுற்றி நூற்றாண்டுகளாகக் கூச்சத்தின் எல்லை எப்படி நகர்ந்துவந்தது என்று காட்டினார். அந்த எல்லை எப்போதும் ஒரே திசையில் நகர்வதில்லை. 2020 மார்ச்சில் கொரோனா அச்சம் பரவியபோது ஜெர்மனியின் கடைகளில் முதலில் தீர்ந்தவற்றுள் ஒன்று கழிப்பறைக் காகிதம். டார்ட்முண்டில் ஓர் அடுமனை காகிதச் சுருள் வடிவில் கேக் செய்து விற்றது. ஒருவருக்கொருவர் சுருள் இருக்கிறதா என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார்கள். பிரென்னர் கணவாய் வழியே ஒரு சுருளை ஆயத்தமாக எடுத்துச் சென்ற அந்தப் பெண் சிரிப்புக்குரியவளாகச் சில வாரங்களுக்கேனும் யாருக்கும் தோன்றியிருக்க மாட்டாள்.

சிறுபத்திரிகை வாசகர்களான நமக்கும் இதில் பங்குண்டு. தொலைக்காட்சிப் பெட்டிமேல் விரித்த குரோஷா விரிப்பையும், கண்ணாடி அலமாரியில் வைத்த உல்லன் நாய்க்குட்டியையும் கதைகளில் எத்தனை முறை படித்திருக்கிறோம். அநேகமாக எப்போதும் ஒரே பணிக்காகத்தான் அவை அங்கே வைக்கப்பட்டிருக்கும். இந்த வீட்டில் ரசனை இல்லை, வாசிப்பு இல்லை, ஆகவே உள்வாழ்க்கையும் இல்லை என்று ஒரே வரியில் தெரிவிப்பதற்காக. எழுத்தாளருக்கு அது வசதியான குறுக்குவழி. அந்த விரிப்பை ஒருத்தி எத்தனை மதியங்களில் பின்னினாள், அப்போது என்ன யோசித்துக்கொண்டிருந்தாள் என்று எழுதுவது கடினம். அந்தக் கடினத்தைத் தவிர்த்துவிட்டு, சாமானிய மனிதர்களின் பக்கம் நிற்பதாகவும் சொல்லிக்கொள்கிறோம்.

மோசமான ரசனை என்று ஒன்று இல்லவே இல்லை என நான் சொல்ல வரவில்லை. ஆரஞ்சும் பழுப்பும் அவ்வளவு சேர்ந்து பார்க்க இனிமையாக இல்லை. ஆனால் ஒரு பொருளை விமர்சிப்பதும், அதைச் செய்தவருக்கு உள்ளே ஏதுமில்லை என்று தீர்ப்பளிப்பதும் வேறு. முதலாவதற்குக் கண் போதும். இரண்டாவதற்கு முன்னால் கொஞ்சம் விசாரிக்க வேண்டும்.

அன்று அந்தச் சந்தையில் நான் விசாரிக்கவில்லை. முதல் இத்தாலிப் பயணம் எந்த ஆண்டு, காரை யார் ஓட்டினார், அம்மா எங்கே உட்கார்ந்திருந்தார், கடலைப் பார்த்ததும் என்ன சொன்னார் என்பதையெல்லாம் கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார் என்றே நினைக்கிறேன். நானோ விலை கேட்டேன்.